தினமும் ஜூன் ஒன்று

“கிரி, நான் திருத்துனது எதுவும் கவுண்டருக்குப் போக மாட்டேங்குது. பழசுதான் பிரிண்ட் ஆகுதாம்” என்றார் ஆனிமேரி அக்கா. நான் சிரித்தேன். இவருக்கு இதே வேலை என்று நினைத்தேன்.

லேப்பின் உள்ளறையில் அக்கா ரிப்போர்ட் அடிப்பது விண்டோஸில். அது நான் வைத்துக்கொடுத்த லினக்ஸ் சர்வருக்குப் போகும். கவுண்டரில் சர்வரிலிருந்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். கிராமத்து ஆட்கள் தாங்களே படித்துக்கொள்ளட்டும் என்று டாக்டர் எல்லாவற்றையும் தமிழில் அடிக்கச் சொல்லியிருந்தார்.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே ஃபைலைக் கடத்தும் சம்பாவை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். பாஸ்வேர்ட் சரி. அனுமதி சரி. புது ரிப்போர்ட் ஒன்று அடித்தால் ஜம்மென்று போகிறது. திருத்தியது மட்டும் போகவில்லை. எரிச்சலில் திரை மூலையிலிருந்த கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்தேன். 1 ஜூன் 2003 என்றது. ஆவணி பிறந்து பத்து நாளாகிவிட்டது.

“என்னக்கா தேதி இது?”

“இந்த ஓசித் தமிழ் சாஃப்ட்வேர் முப்பது நாளுக்கு மேல தெறக்காதுல்ல. தெனமும் காலையில ஒண்ணாந் தேதின்னு மாத்திட்டுத்தான் உக்காருறேன். நீதானப்பா சொல்லிக்குடுத்த?”

ஆமாம், நான்தான். பெரிய கெட்டிக்காரன். வரும் ஃபைல் சர்வரில் இருப்பதைவிடப் புதியதாக இருந்தால் மட்டும் எடுத்துக்கொள் என்று எழுதிவைத்தவனும் நான்தான். நேற்று மாலை அடித்தது ஜூன் ஒன்று மாலை. அதை இன்று காலை திருத்தினால் ஜூன் ஒன்று காலை. பழசு என்று சர்வர் ஒதுக்கிவிடுகிறது.

இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டேன். பதினோரு ரிப்போர்ட் மாறியிருந்தது. வயது, இனிஷியல் என்று பெரும்பாலும் சில்லறைத் திருத்தம். ஒன்பதாவது ஒச்சாயி, பேரையூர், மார்புக் கட்டி. சர்வரில், ‘சாதாரணக் கட்டி. பயப்பட வேண்டியதில்லை.’ அக்கா கம்ப்யூட்டரில், ‘புற்றுநோய். உடனே சிகிச்சை தேவை.’

“டாக்டர் மறுநா காலையில ஸ்லைட திரும்பப் பாத்துட்டு மாத்தச் சொன்னாரு” என்றார் அக்கா. சுவர்க் காலண்டரைப் பார்த்தார். “இருவது நாளாச்சே, சேசுவே.”

போனை எடுத்தேன். ரிப்போர்ட்டில் இருந்தது ஒச்சாயி வீட்டுப் பக்கத்து மளிகைக் கடை நம்பர். கடைக்காரர்தான் எடுத்தார்.

“ஒச்சாயி வீடா? அம்புட்டுப் பேரும் வேன் புடிச்சு அழகர்கோயிலுக்கு மொட்டை போடப் போயிருக்காகளே. கட்டி ஒண்ணுமில்லேன்னு எழுதிக் குடுத்துட்டாகல்ல, அந்த நேத்திக்கடன்தேன். வர்ற வழியில லேப்புக்கும் வாரோம்னு சொன்னாக.”

போனை வைத்தேன். டாக்டர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சரியான ரிப்போர்ட்டை அக்கா கம்ப்யூட்டரிலிருந்தே பிரிண்டுக்குக் கொடுத்தேன். வாசலில் வேன் வந்து நின்றது.

மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் உள்ளே வந்தாள் ஒச்சாயி. கையில் தூக்குவாளி.

“ரிப்போட்டு அடிச்ச பொண்ணு எது? மொதப் பொங்கல் அதுக்குத்தேன்.”

அக்கா எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். சூடான பொங்கலை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள் ஒச்சாயி. பின்னால் பிரிண்டர் வரிவரியாகத் தாளை வெளியே தள்ளியது.