ஓலைக்கு எட்டுப் புழு

1

இந்தக் கதை ஒரு கையேட்டிலிருந்து வந்தது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கான பூச்சிக் கட்டுப்பாட்டுக் கையேடு. படித்தால் புரிகிற மாதிரித் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். பிரிந்தவர், சேர்ந்தவர் என்று குடும்பக் கதை எழுதுகிற எனக்குப் பூச்சியைப் பற்றி என்ன தெரியும்? நாற்பதாம் பக்கம் வரை கொட்டாவிதான். அங்கே இப்படி இருந்தது: "ஓலைக்குச் சராசரி பத்துப் புழுவுக்குக் கீழே இருந்தால் மருந்து அடிக்க வேண்டாம். குளவிகள் பார்த்துக்கொள்ளும். காத்திருக்கவும்."

அந்தக் கடைசிச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். அதைப் படித்துவிட்டு உண்மையிலேயே காத்திருக்கிறவள் யார்?

2

முதல் தொடக்கம்: அந்தி வெயில் ஓலைகளின் வழியே பொன்னை உருக்கி ஊற்றிய வேளையில் அவள்

(வேண்டாம். அந்த மரங்களுக்குக் கீழே வெயில் விழாது. பச்சை இருட்டும் ஈர மண்ணும்தான்.)

இரண்டாம் தொடக்கம்: வாசனைப் பொறிக்கு இழுபட்டு வந்து விழும் வண்டைப் போல அவள் மனம்

(இதுவும் வேண்டாம். வண்டுக்கு வாசனைப் பொறி வைப்பது உண்மைதான். ஆனால் வண்டு யோசிக்காது. இவளுக்கு எட்டு மாதமாக அதுதான் வேலை.)

நேராகத் தோட்டத்துக்கே போய்விடலாம்.

3

அங்கே அவளுக்குக் கணக்கம்மா என்று பெயர். புழு எண்ணுகிறவள். அவளுடைய நாத்தனார் நீளக் கழியில் கட்டிய அரிவாளால் நடு ஓலை ஒன்றை வெட்டிச் சாய்ப்பாள். கணக்கம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இலைத் துணுக்குகளால் பை பின்னி அதற்குள் ஒளிந்து தொங்கும் புழுக்களை எண்ணுவாள். வெறுமனே பையை எண்ணினால் போதாது. ஒவ்வொன்றையும் பிதுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே நெளிந்தால் கணக்கு. பையில் குண்டூசி முனையளவு ஓட்டை இருந்தால், குளவியின் குஞ்சு உள்ளிருந்த புழுவைத் தின்று முடித்துப் பறந்துவிட்டது என்று அர்த்தம். அது கணக்கில் சேராது.

மாதாமாதம் எண்ணி முடித்த அன்று மாலையே படிவம் இரண்டு இடத்துக்குப் போகும். ஒன்று அலுவலகம். இன்னொன்று, பத்தைத் தாண்டினால் வர வேண்டிய மருந்து வண்டி. அந்த வண்டியை ஓட்டுகிறவர் அவள் கணவர்.

எட்டு மாதத்துக்கு முன், மழைக்குள் வேலையை முடிக்கிற அவசரத்தில், பாதையோரத்து மஞ்சள் பூச்செடிகள் மேலும் அவர் மருந்தை அடித்துவிட்டார். குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று அவள் வரிசையாக நட்டு வளர்த்த செடிகள். குளவிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. அவள் நடந்ததை நடந்தபடி படிவத்தில் எழுதினாள், அவர் பெயரோடு. அவர் தூரத்துத் தோட்டங்களுக்குப் போகிற குழுவைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார். "வேலை இருந்தா எழுதி அனுப்பு, வர்றேன்" என்றார் வாசலில்.*

*(போன் இல்லையா என்று என் தங்கை கேட்டாள். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள். போன் இருக்கிறது, தினமும் பேசுகிறார்கள். கேஸ் தீர்ந்ததா, மகள் பரீட்சை எப்படி எழுதினாள், கூரை இன்னும் ஒழுகுகிறதா. "வா" என்பதைத் தவிர எல்லாம் பேசுகிறார்கள்.)

வேலை இருந்தால் வருவார். அவளோ தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள். செடிகள் மறுபடி தழைத்தன, குளவிகள் திரும்பின, மாதாமாதம் எண்ணிக்கை ஐந்து, ஆறு. மேலதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். அவள் வீட்டில் அவர் செருப்பு வைக்கும் இடம் காலியாகவே இருந்தது.

4

இந்த மாதம் வறட்சி. புழு கொஞ்சம் ஏறியிருக்கிறது. கடைசி ஓலையையும் எண்ணி, சராசரி போட்டாயிற்று.

"எத்தனை அண்ணி?"

"பை பதிமூணு. உசுரோட எட்டு."

"பதிமூணுன்னே எழுதுங்களேன். பை பைதானே."

"ஓட்டை விழுந்ததையெல்லாம் எப்படிடி எழுதறது?"

"பிதுக்கிப் பாக்கலன்னு வெச்சுக்கோங்க. விரல் வலி, விட்டுட்டீங்க. யாரு வந்து கேக்கப் போறா? எங்கண்ணன் நாளைக்கே வண்டியோட வந்து நிக்கும்."

"வந்து?"

"வந்து மருந்தடிக்கும். சோத்துல உப்பு பத்தலன்னு சொல்லும். வேற என்ன தெரியும் அதுக்கு?"

கணக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கிய பிறகும் நாத்தனாரைப் பார்க்காமல் ஓலையையே பார்த்தாள்.

"அப்ப என் குளவி?"

"ஆமா, குளவியோடதான் குடித்தனம் நடத்துறீங்க."

பென்சில் கட்டத்துக்கு மேலேயே நின்றது.

5

முடிவு ஒன்று. பதிமூன்று என்று எழுதுகிறாள். வண்டி வருகிறது. மூன்று நாள் வீட்டில் ஆண்குரல் கேட்கிறது. உப்பு பத்தவில்லை என்கிறது. மருந்தில் குளவிகள் சாகின்றன. மருந்துக்குத் தப்பிய புழு எதிரி இல்லாமல் பெருகிச் சில மாதத்தில் ஓலைக்கு இருபதாகிறது. இனிப் பொய் எழுதவே தேவையில்லை. ஓலைகள் ஈர்க்குச்சியாகக் காய்ந்து நிற்க, அவர் மாதாமாதம் வருகிறார்.

(இதை எழுதும்போது எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.)

முடிவு இரண்டு. எட்டு என்று எழுதுகிறாள். வீட்டுக்குப் போகிறாள். மகளிடம் அப்பா போன் பண்ணினாரா என்று

தங்கை தாளைத் திருப்பித் தந்தாள். "நல்லவளா இருக்கா. சரி, அதுக்காக அவ இப்படியே இருக்கணுமா?"

இரண்டு நாள் எழுதவில்லை.

6

எட்டு என்று எழுதினாள். படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு வரி உண்டு. அதில் எழுதினாள்: மருந்து தேவையில்லை. ஆள் தேவை.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். இந்த முறை அவளுக்குக் கேலி வரவில்லை.

"இத ஆபீஸ்ல எல்லாரும் படிப்பாங்க அண்ணி."

"படிக்கட்டும். அன்னைக்கு அவர் பேர எழுதினப்பவும் எல்லாரும்தானே படிச்சாங்க."

7

தூரத்துத் தோட்டமொன்றின் கொட்டகை. நாளைய வேலைக்காக மருந்துத் தொட்டியை நிரப்பி, வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவர் போனில் வந்திருக்கும் படிவத்தின் படத்தைப் பார்க்கிறார். எட்டு. கீழே இருப்பதைப் படிக்கிறார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி படிக்கிறார்.

எட்டுதானே என்று அங்கேயே இருந்துவிடலாம். யாரும் தப்புச் சொல்ல முடியாது. போவதென்றால் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வேலையும் இல்லாத மனிதராக, வெறும் வண்டியில் போக வேண்டும்.

என்னால் அவரை இதுவரைதான் கொண்டுவர முடிந்தது: ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டார். நிறைந்த தொட்டி, ஒற்றை ஆளாக இறக்க முடியாது. மறுபக்கம் பிடிக்க ஆள் இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கிறார். கொட்டகையில் வேறு யாரும் இல்லை, நீங்கள்தான் நிற்கிறீர்கள்.