வெயில் கேட்டவள்

1

"எங்களுக்கு வெயில் வேணும், சார்."

இந்த ஒரு வரிதான் கதையின் விதை. தைக்கும் கூடத்தில் துணி சரிபார்க்கிறவள், முதலாளி முன்னால் நின்று கேட்டது. அங்கேயே பல வருஷமாகத் தைக்கும் அவள் அம்மா, இவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே காதைத் திருகாத குறையாகச் சொல்லியிருந்தாள்: "ஃபேன் கேளு, லீவு கேளு. பின்கதவத் திறக்க மட்டும் கேட்டுடாத."

(எழுதுகிற நான்தான் அவள் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு வேலை இருக்கிறது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'பொன்னிறக் கதிர்கள் பூமியைத் தழுவிய அந்தக் காலையில்...'

அடித்துவிட்டேன். அந்தக் கூடத்துக்குள் காலையும் கிடையாது, கதிரும் கிடையாது. வெயில் பட்டால் சாயம் வெளிறும் என்று பின்கதவில் கறுப்புத் திரை. தினமும் அதை இழுத்துக் கட்டுவது அம்மாதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. இப்போது படியேறினால் இடுப்பு விண்ணென்று தெறிக்கிறது. எலும்பில் வலுவில்லை, வெயிலில் நில்லுங்கள் என்றார் டாக்டர். யாரிடம்? விடியுமுன் உள்ளே போய் இருட்டியபின் வெளியே வருகிறவளிடம்.

3

அடுத்து எழுதிய வரைவில் கதவுக்குப் பதில் கண்ணாடி ஜன்னல் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. மகள் விடவில்லை. வீட்டிலேயே முதல் பட்டதாரி, அதுவும் தாவரவியல். சும்மா இருப்பாளா?

"கண்ணாடி வழியா வர்ற வெயில் எலும்புக்கு உதவாது. நீயும் படிச்சவதானே? கதவ எழுது."

எழுதினேன்.

4

(கதைக்கு இது தேவையா என்று கேட்பீர்கள். தேவை.) பருத்தி வெயிலைத் தின்றுதான் நூலானது. டப்பாவில் இருக்கும் சாப்பாடும் இலைகள் பிடித்துவைத்த வெயில்தான். தலைக்கு மேலே எரியும் குழல்விளக்கு? நிலக்கரி. என்றோ மண்ணுக்குள் போன காடு குடித்த வெயில். புதைந்த வெயிலை எரித்து வெளிச்சம் போட்டுக்கொண்டு, வாசலில் நிற்கும் வெயிலுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

5

முதலாளி சிரித்தார். "வெயில்ல காயறதுக்கு நீங்கள்லாம் என்னம்மா, துவைச்ச துணியா?"

"துணி வெளிறாம பாத்துக்கறீங்க. எங்கம்மா வெளிறிட்டாங்க. மத்தியானம் சாப்பிடற நேரம் மட்டும் கதவத் திறங்க. துணிய நகத்தி வெக்கறது என் பொறுப்பு."

யோசிக்கலாம் என்றார். யோசிக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

முடிவு ஒன்று: முதலாளி மனம் மாறுகிறார். (உங்கள் முதலாளி எப்போதாவது மாறியிருக்கிறாரா?)

முடிவு இரண்டு: வேலை போகிறது. அவள் குமுறிக் குமுறி அழு

அழமாட்டாள்.

6

மூன்றாவதை நான் யோசிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. கதவோரம் இருந்த நீலத் துணிக்கட்டுகளை அவள் ஒவ்வொன்றாக உள்பக்கம் நகர்த்தினாள். திரையின் முடிச்சை அவிழ்த்தாள். தாழ்ப்பாளை நீக்கினாள். வெயில் தரையில் விழுந்து, அம்மாவின் மிஷின் வரை நீண்டது.

அம்மா பதறி எழுந்தாள். திரையை இழுத்து மூடவா, மகள் பின்னால் வரவா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொள்ள அவள் நிற்கவில்லை. வேலை இருந்தாலும் போனாலும் நாளைக்கும் இந்தக் கதவைத் திறப்பது என்று முதலாளியின் அறையிலேயே முடிவு செய்தாயிற்று.

சாப்பாட்டு டப்பாக்களை எடுத்துக்கொண்டாள். இரண்டையும். வெளியே நடந்தாள்.