விலகு, சண்டி கடிக்கப் போறா

எங்க வீட்டுப் பூனை பேரு சண்டி. பேரு வெச்சது நான்தான். குட்டியா என் ஒர்க்‌ஷாப்புக்குள்ள நுழைஞ்சு, ரிப்பேருக்கு நின்ன பைக் சீட்டைக் கிழிச்சு, தூக்கப் போன என் கையையும் கிழிச்சு, அதுக்கப்புறமும் போகமாட்டேன்னு உட்கார்ந்துக்கிட்ட ஜென்மத்துக்கு வேற என்ன பேரு வைக்கிறது?

அவ கடிக்காத ஆளே கிடையாது. காஸ் சிலிண்டர் போட வந்தவரைக் கடிச்சா. கூரியர்காரரைக் கடிச்சா. பக்கத்து வீட்டம்மா கொஞ்சறேன்னு குனிஞ்சாங்க, மூக்கு நுனியில ஒரு கீறல் வாங்கிக்கிட்டுப் போனாங்க. என் வீட்டுக்காரர் கணுக்காலை மட்டும் தனக்கே எழுதி வெச்ச சொத்துன்னு நினைச்சா. அவர் டிரைவிங் ஸ்கூல்ல வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறவர். நாள் முழுக்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு பக்கத்து சீட்ல உட்கார்ந்துட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினா, சோபாவுக்கு அடியிலேர்ந்து பாய்வா.

“திடீர் திடீர்னு கடிக்குதே!”ன்னு புலம்புவார்.

“திடீர்னு இல்ல, மாமா”ம்பான் என் தம்பி. “முதல்ல வால் நுனி ஆடுது. அப்புறம் காது பின்னால போகுது. முதுகுத் தோல் அலையுது. அதுக்கப்புறம்தான் கடிக்கிறா. நீங்கதான் பார்க்கல.”

“என் கணுக்கால்ல கண்ணா இருக்கு, பார்க்கிறதுக்கு?”

தம்பி வீட்ல இருந்தபடியே ஒரு பாட்டில் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். பெல்ட்ல ஓடற பாட்டிலோட மூடி கோணலா இருக்கான்னு ஒரு கேமரா பார்த்துச் சொல்லணும். அந்தக் கேமராவுக்குப் பாடம் எடுக்கிறது இவன். இது கோணல், இது நேர்னு ஆயிரக்கணக்குல படம் காட்டணுமாம். அதே மாதிரி எங்க ஹால் சுவத்துல ஒரு கேமராவை மாட்டி, சண்டியோட வாலையும் காதையும் காட்டிக் காட்டி ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைப் பழக்கிட்டான். அவ கடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல அவன் குரலே வரும். “விலகு. சண்டி கடிக்கப் போறா.” ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. அதுக்கப்புறம் எங்க வீட்ல பிளாஸ்டர் வாங்கறது பாதியாக் குறைஞ்சுது.

தம்பியைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். அவனுக்கு ஆட்டிசம்னு சின்ன வயசுலயே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. யாராவது தொட்டாப் பிடிக்காது. சண்டிக்கும் ஓரளவுக்கு மேல தடவினாப் பிடிக்காது. அவ கடிப்பா, இவன் எழுந்து போயிடுவான், அவ்வளவுதான் வித்தியாசம். அதனாலயே ரெண்டும் சோபாவுல ஆளுக்கொரு ஓரமா, ஒண்ணை ஒண்ணு தொடாம, மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கும். அந்த டாக்டரம்மா ஒருநாள் என்னைப் பார்த்து, “ஒரு இடத்துல உட்காரமாட்டேங்கறீங்க, கையில கிடைச்சதைத் தூக்கி எறியறீங்க, உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமே”ன்னாங்க. தேதி கொடுத்தாங்க. மறந்துட்டேன். திரும்பக் கொடுத்தாங்க, அதையும் மறந்துட்டேன். “பாதி டெஸ்ட் இதுலயே முடிஞ்சுது”ன்னு சொல்லி விட்டுட்டாங்க.

சண்டி செத்ததும் சண்டை போட்டுத்தான். தெருவுல தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்துச்சு. வேற பூனையா இருந்தா ஓடியிருக்கும். இவ டயரைக் கடிக்கப் போனா.

நான் ஸ்பேனரோட ஓடினேன். லாரிக் கண்ணாடியை உடைச்சு, டிரைவர் சட்டையைப் பிடிச்சு இறக்கி, ரெண்டு வெச்சேன். அவர் அழுதார், நானும் அழுதேன், கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து குழி தோண்டினோம். தம்பி வந்து பார்த்தான். “டயர் அவளை விடப் பெரிசு. அது அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போனா”ன்னான். அப்புறம் உள்ள போயிட்டான்.

“பாரேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. பாசம்னா கிலோ என்ன விலைன்னு கேட்பான் போல”ன்னாங்க பக்கத்து வீட்டம்மா. என் கையில கிரீஸ் கழுவின தண்ணி இருந்துச்சு. அவங்க தலையில ஊத்தினேன். மனசு ஆறல. வாளியையும் விட்டெறிஞ்சேன்.

அன்னிலேர்ந்து தம்பி சாப்பிடறதையே விட்டுட்டான். ரெண்டு வாய் உள்ள போனாப் பெரிய விஷயம். சோபாவுல தன் ஓரத்துல உட்கார்ந்து, காலியா இருக்கிற மறு ஓரத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பான். கேமராவை அணைக்கவும் விடல. கோணல் மூடியெல்லாம் நேர்னு வெளிய போயி, கம்பெனியிலேர்ந்து போன் மேல போன். “என்னடா பண்ணுது உனக்கு?”ன்னா “தெரியல”ம்பான். அவன் பொய் சொல்ற ஆள் இல்ல. நிஜமாவே தெரியல. சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சு. பூனைதான் போயிடுச்சு, இவனையும் விட்டுடுவேனோன்னு பயந்து செத்தேன்.

இப்படி இருக்கிறப்ப ஒருநாள் காலையில, தம்பி இன்னும் எழுந்திருக்கல, என் வீட்டுக்காரர் வீட்டைச் சுத்தம் பண்றேன் பேர்வழின்னு சண்டியோட தட்டைக் குப்பையில போட்டுட்டார்.

“யோவ்!”ன்னேன். சாதாரணமா நான் “ஏங்க”ன்னுதான் கூப்பிடுவேன். “யோவ்” வந்துச்சுன்னா மனுஷன் முதல்ல என் கையில என்ன இருக்குன்னு பார்ப்பார். கரண்டி இருந்துச்சு. ஓங்கினேன்.

“விலகு. சண்டி கடிக்கப் போறா.”

ரெண்டு பேரும் சிலையா நின்னுட்டோம். வீட்டுக்காரர் பழக்க தோஷத்துல ஒரு காலைத் தூக்கிக்கிட்டார். நான் வெட்கமில்லாம குனிஞ்சு சோபாவுக்கு அடியில பார்த்தேன். தம்பி ரூமிலேர்ந்து விழுந்தடிச்சு ஓடி வந்து கம்ப்யூட்டரைத் தட்டினான். படத்தை நிறுத்திக் காட்டினான். கரண்டியோட நான். ஆடற என் பின்னலைச் சுத்தி ஒரு கட்டம், அதுக்கு மேல ‘வால்’னு எழுதியிருக்கு. விறைச்சு ஏறின தோளைச் சுத்தி இன்னொரு கட்டம், அதுல ‘முதுகு’. என் தலைக்கு மேல கொட்டை எழுத்துல ‘சண்டி’.

“அவ இருந்தவரைக்கும் அது அவளை மட்டும்தான் பார்த்துச்சு. கடிக்கிறதுக்கு முன்னாடி அவளுக்கு வர்றதெல்லாம் உனக்கும் வருது, அக்கா. அதுக்குத் தெரிஞ்ச பேர் ஒண்ணே ஒண்ணுதான். அதைச் சொல்லிடுச்சு.”

“என்னைப் பூனைங்குதா உன் பெட்டி?”

வீட்டுக்காரர் சிரிச்சார். சிரிச்சிருக்கக்கூடாது. கரண்டி அவர் தோள்ல இறங்குச்சு. பெட்டி அவ்வளவு தெளிவாச் சொன்ன பிறகும் விலகாதது அவர் தப்பு. அன்னிக்குத் தம்பி ரெண்டு முட்டை சாப்பிட்டான்.

அதுலேர்ந்து வீட்டுக்கு ஏதோ பிடிச்சுக்கிச்சு. என் பத்தாம் நம்பர் ஸ்பேனர் காணாமப் போச்சு. சர்க்கரை டப்பாவுல உப்பு. வீட்டுக்காரர் செருப்புக்குள்ள கிரீஸ். கிரீஸ்னா நான்தானேன்னு அவர் என் மேல பாய, உப்பு டீயைக் குடிச்ச நான் அவர் மேல பாய, வீடு ரெண்டு பட்டுச்சு. நான் ஹெல்மெட்டை எறிஞ்சா அவர் தலகாணியை எறிவார். என் ஹெல்மெட் எதையும் உடைக்காது, தலகாணி டியூப் லைட்டை உடைக்கும். அந்தாள் குறி அப்படி. பெட்டி விடாம “விலகு, விலகு”ன்னு சொல்லிக்கிட்டிருக்கும். எல்லாம் ஓஞ்சதும் தம்பி வந்து, தானே தட்டுல போட்டுக்கிட்டுச் சாப்பிடுவான். என் மரமண்டைக்கு எதுவும் உறைக்கல.

ஒருநாள் கஸ்டமர் பைக் டயர்லேர்ந்து அவன் காத்தைப் பிடுங்கிவிடறதைக் கண்ணால பார்த்தேன். பிடரியில ஒண்ணு போடலாம்னு கையை ஓங்கிக்கிட்டுப் போனேன்.

“எதுக்குடா இந்த வேலை?”

“உனக்குக் கோவம் வந்தாத்தான் அது அவ பேரைச் சொல்லுது. நீ சும்மா இருந்தா வீட்ல அவ இல்ல.”

கை தானா இறங்கிடுச்சு. டயருக்கு நானே திரும்பக் காத்தடிச்சு வெச்சேன்.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். தலையைச் சொறிஞ்சார். “அவ்வளவுதானே தாயே? தினம் ஒப்புக்கு ஒரு சண்டை போட்டுடலாம். அவன் சாப்பிட்டாப் போதும்”னார். நல்ல மனுஷன், கோவில் கட்டிக் கும்பிடலாம்.

ஒப்புக்குப் போட்டோம். ஹால் நடுவுல நின்னு “யோவ்”னேன். “என்னடி”ன்னார். கரண்டியை ஓங்கி, பின்னலை நானே பிடிச்சு ஆட்டிக்கூடப் பார்த்தேன். பெட்டி வாயைத் திறக்கல. “நடிக்கிறீங்க. தோள் ஏறவே இல்ல”ன்னு தம்பி தட்டைத் தள்ளி வெச்சுட்டான்.

சரி, நிஜமாவே கோவம் வரணும். வீட்டுக்காரர் பாவம், என்னென்னவோ பண்ணிப் பார்த்தார். என் சமையலைத் திட்டினார். ஊருக்கே தெரிஞ்ச விஷயம், அதுக்கு என்ன கோவம்? நான் வண்டி ஓட்டற லட்சணத்தைத் திட்டினார். சிரிப்புதான் வந்துச்சு. எங்க அம்மா வரைக்கும் போனார். “அதுவும் வாஸ்தவம்தான்”னுட்டேன். கடைசியில மூச்சை இழுத்துப் பிடிச்சு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, “அந்தச் சனியன் பிடிச்ச பூனை ஒழிஞ்சதே நல்லதாப் போச்சு”ன்னார்.

அப்புறம் நடந்தது எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கு. குக்கர் மூடி பறந்துச்சு. சுவர்க் கடிகாரம் சில்லு சில்லா விழுந்துச்சு. டிவி போச்சு. அவரும் சளைக்கல. நாற்காலியைத் தூக்கினார், தூக்கினபடியே வழுக்கி விழுந்தார், அவர் மேல நாற்காலி விழுந்துச்சு, நாற்காலி மேல நான் விழுந்தேன். மளுக்குன்னு ஒரு சத்தம். பெட்டி சண்டி, சண்டின்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா, தம்பி காது ரெண்டையும் பொத்திக்கிட்டு சுவத்தோட ஒண்டி நிக்கிறான். கடிகாரக் கண்ணாடி தெறிச்சு உதடு கிழிஞ்சு, ரத்தம் சட்டையெல்லாம் வழியுது. அப்பவும் அவன் கண்ணு ஸ்பீக்கர் மேலேயே இருந்துச்சு.

வீட்டுக்காரர் முறிஞ்ச கையில மாவுக்கட்டோட ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்தார். “சும்மாதான் சொன்னேன் தாயே, எனக்கும் அவ வேணும்”னு அழுதார். “தெரியும்”னு நானும் அழுதேன். அப்புறம் மெதுவாச் சொன்னார். “இன்னிக்கு உதடு. நாளைக்குக் கண்ணுல பட்டா என்ன பண்ணுவ? அந்தப் பெட்டி வேண்டாம். நீயே எடுத்துடு.”

கழட்டி வெச்சா அவன் திரும்ப மாட்டிடுவான். அதனால சுத்தியலை எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போனேன். தம்பி சோபாவுல இருந்தான், உதட்டுல தையல்.

“உடைக்கப் போறேன்டா.”

“உடைச்சா அவ பேரைச் சொல்ல யாரும் இல்ல”ன்னான். அவ்வளவுதான். எழுந்து தடுக்கல, கத்தல. ஒரு அறை விட்டிருந்தான்னாக்கூடத் தாங்கியிருப்பேன்.

பெட்டி முன்னாடி நின்னு சுத்தியலை ஓங்கினேன். கடைசியா ஒரு தடவை அவ பேரைச் சொல்லட்டும், சொன்னதும் ஒரே போடு போட்டுடலாம்னு காத்திருந்தேன். சொல்லல.

“சொல்லேன்!”னு கத்தினேன். “மண்டையை உடைக்கப் போறேன்ல, சொல்லித் தொலையேன்!”

தோள் தளர்ந்து தொங்கிடுச்சு. ஒரு சத்தமும் இல்ல.

தம்பி எழுந்து வந்து திரையைப் பார்த்தான். “பின்னல் ஆடல. தோள் தொங்குது. நீ கோவமா இல்ல, அக்கா.”

“பின்ன எப்படிடா இருக்கேன்?”

“தெரியல. இதை நான் அதுக்குச் சொல்லிக்கொடுக்கல.” யார் மூஞ்சியையும் நேராப் பார்க்காதவன், குனிஞ்சு என் மூஞ்சியைப் பார்த்தான். “இதுக்குப் பேர் என்ன?”

சுத்தியலைக் கீழ வெச்சேன். “அவ இல்லையேன்னு இருக்குடா. வேற ஒண்ணும் இல்ல. அவ இல்லையேன்னு இருக்கு.”

“அசையாத”ன்னான். நான் அழ அழ, முன்னால, பின்னால, பக்கவாட்டுலன்னு படம் எடுத்துத் தள்ளினான். மூக்கைத் துடைக்கக்கூட விடல, பாவி. அப்புறம் பழைய பதிவுகளைத் தேடி என் படத்துக்குப் பக்கத்துல போட்டான். காலி சோபா, ஓரத்துல அவன். மறுநாளும் அவன். அதுக்கு மறுநாளும். எல்லாத்துலயும் தோள் அதே மாதிரி தொங்குது.

“அப்ப இதுவும் அதுவா?”

“அதேதான்டா.”

“லாரி வந்ததுலேர்ந்து எனக்கு இப்படியே இருக்கு. ஜுரம்னு நினைச்சு தினம் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தேன்.”

சுத்தியலைக் காலால தள்ளிவிட்டேன். அவன் மைக்கை இழுத்து வெச்சுக்கிட்டான்.

“கடிக்கப் போறவங்களைப் பார்த்தா விலகுன்னு சொல்லணும். இப்படி இருக்கிறவங்களைப் பார்த்தா என்ன சொல்லணும்?”

“கிட்ட வந்து உட்காருன்னு சொல்லணும்.”

“தொடுவாங்களே.”

“அப்ப அதையும் சேர்த்துச் சொல்லு.”

படத்தையெல்லாம் பெட்டிக்குக் காட்டி முடிக்கிறதுக்குள்ள பொழுது சாய்ஞ்சுடுச்சு. அப்புறம் போய் சோபாவுல உட்கார்ந்தான். கேமரா கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துச்சு.

“கிட்ட வந்து உட்காரு. தொடாத. தம்பிக்கு அவ இல்லையேன்னு இருக்கு.”

கேட்டதுதான் தாமதம், உதட்டுத் தையல் பிரியற மாதிரி வாயைத் திறந்து ஓன்னு அழுதான். நான் கிட்டப் போய் உட்கார்ந்தேன். கை பரபரன்னு வந்துச்சு, தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டேன். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். என்ன ஏதுன்னு கேட்கல. மாவுக்கட்டைத் தாங்கிக்கிட்டு அவன் காலடியில, அவன் மேல படாம உட்கார்ந்தார். பெட்டி நிறுத்தல. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

“நிறுத்திடட்டுமாடா?”ன்னு அவர் கேட்டார்.

“வேண்டாம் மாமா”ன்னான். “இன்னும் இருக்கு.”