நளினிக்கு இரண்டு மேனேஜர்கள்

1

இந்தக் கதை நான் கற்பனை செய்ததல்ல. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் என்னோடு ரயிலேறும் நளினி, கே.ஆர்.புரம் வரும்வரை சொன்னது. கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் அவள் சூப்பர்வைசர். முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "தலையிடாத மேனேஜர் கிடைப்பதே பெரிய சுதந்தி..." வேண்டாம். சாம்பாரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2

பழைய மேனேஜர் கிளமெண்ட், எதைக் கேட்டாலும் "நீங்களே பாத்துக்கங்க" என்பார். நளினிக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாள் வண்டி கிளம்பும் நேரத்தில் சாம்பாரில் புளித்த வாடை. போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. அண்டாவோடு கொட்டச் சொல்லிவிட்டாள். சாப்பாடு தாமதமாகி ஒரு கம்பெனி கைவிட்டுப் போனது. முதலாளி கேட்டதற்கு கிளமெண்ட், "எனக்குத் தெரியாது சார், அவங்க எடுத்த முடிவு" என்றார். மெமோ நளினிக்கு வந்தது.

(இங்கே கிளமெண்டை வில்லனாக்கி ஒரு பத்தி இருந்தது. படித்துக் காட்டியபோது நளினி, "அவரு பொய் இன்னா சொன்னாரு அண்ணா? நெஜமாவே அவருக்குத் தெரியாது" என்றாள். எடுத்துவிட்டேன்.)

3

அடுத்து வந்தவர் ஷோபா. நறுக்கிய வெங்காயத்துக்கும் போட்டோ அனுப்ப வேண்டும். டாய்லெட் போனாலும், "எங்க இருக்கீங்க?" என்று போன் வரும். வீட்டில் தோசை திருப்பும்போதும் பின்னால் யாரோ நிற்பதுபோல் நளினி திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம் குருமாவில் சந்தேகம் வந்தது. "வாடை சரியில்ல மேடம். இன்னா பண்றது?"

ஷோபா ஓடிவந்து ஒரு கரண்டி வாயில் விட்டுத் துப்பினார். "கொட்டுங்க. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்." பேசினார். இந்தத் தடவை மெமோ அவர் பெயருக்கு வந்தது.

மறுநாள் காலையிலேயே கேட்டுவிட்டார்: "தேங்கா அரைச்ச போட்டோ எங்க?"

4

இப்போது கிளமெண்ட் சொந்தமாகச் சமையற்கூடம் தொடங்குகிறார். "வாங்க, நான் எட்டிக்கூடப் பாக்கமாட்டேன்" என்று நளினியைக் கூப்பிட்டிருக்கிறார்.

கதைக்கு எழுதிய ஒரு முடிவில் அவளை அங்கே அனுப்பினேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. இன்னொன்றில் ஷோபாவிடமே இருக்கவைத்து, அதை ரயிலில் படித்துக் காட்டினேன். நளினி பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அத எழுதாதீங்க அண்ணா. நானே இன்னும் முடிவு பண்ணல."

எழுதவில்லை. உங்களுக்கு ஏதாவது முடிவு தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் சொல்ல வேண்டாம்.