பழுப்புத் தண்ணீர்

ரேடியேட்டருக்கு அடியில் இருந்த திருகை மெக்கானிக் கழற்றியதும் தட்டில் விழுந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. ஆறிப்போன காப்பி மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற என் கணவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. 'அப்பவே சொன்னேன்ல' என்று எழுதியிருக்கும். பத்தொன்பது வருடமாக வாசித்து வாசித்து அலுத்த எழுத்து.

கார் என் அண்ணனுடையது. ஏழு வருடம் ஓட்டிவிட்டு, மூன்று மாதத்துக்கு முன்னால் என்னிடம் கொடுத்தான். "நம்ம வீட்டு வண்டி, கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கோ" என்றான். அதை வீட்டில் வந்து சொன்னபோது என் கணவர், "கண்ண மூடிக்கிட்டு வண்டி ஓட்டக் கூடாதுன்னு உங்க அண்ணனுக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். அதோடு, அந்த வண்டியைக் கையால்கூடத் தொடமாட்டேன் என்று வேறு சொல்லிவிட்டார். இவருக்கும் அண்ணனுக்கும் நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. நாங்கள் வீடு மாறிய அன்று, பீரோவை எந்தப் பக்கம் சாய்த்து வாசலில் நுழைப்பது என்பதில் ஆரம்பித்த சண்டை. பீரோ எப்படியோ உள்ளே போய்விட்டது, இவர்கள் இரண்டு பேரும் இன்னும் வாசலிலேயே நிற்கிறார்கள். எது சொல்வதானாலும் என் வழியாகத்தான் சொல்வார்கள்.

முந்தாநாள் வேலைக்குப் போகும்போது சிக்னலில் வெப்பமானி முள் மேலே ஏறியது. இன்ஜின் ஆறினபின், அதைக் குளிர வைக்கும் கூலன்ட் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, பழுப்பாக இருக்கிறது என்று மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "ஆயில் கலந்திருந்தா இன்ஜினப் பிரிக்கணும்மா. அப்படி இருந்தா, அது இன்னைக்கு நேத்து வந்த வியாதியா இருக்காது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. இன்று நேற்று வந்ததில்லை என்றால் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தே என் தலையில் கட்டியிருக்கிறான். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணன் ஐந்து முறை கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. இன்ஜின் போனால் பஸ்ஸில் போய்விட்டு வரலாம். எனக்குக் கூடப் பிறந்தவன் என்று இருப்பது அவன் ஒருவன்தான்.

மெக்கானிக் இன்ஜினிலிருந்து ஆயில் அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்தார். மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஆயில் தேன் மாதிரி சுத்தமாக இருந்தது. பிறகு தட்டில் இருந்த பழுப்பை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"ஆயில் இல்லம்மா. இன்ஜினுக்கு ஒண்ணுமில்ல."

அங்கிருந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"பின்ன என்ன இது?"

"சிவப்பு கூலன்ட்ல யாரோ பச்சைய ஊத்தியிருக்காங்க. இது ரெண்டும் ஒண்ணாச் சேராது. இப்படித்தான் குழகுழன்னு ஆகி வழிய அடைச்சுக்கும்." ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காட்டினார். "இங்க கிளாம்ப் லூசா இருக்கு. கறை புதுசு, ரெண்டு மாசம்கூட இருக்காது. கசியக் கசிய யாரோ நிரப்பியிருக்காங்க. யாரு, நீங்களா?"

"நான் அந்த மூடியத் திறந்ததே முந்தாநாள்தான்."

என் கணவர் இருமினார். பிடரியைத் தேய்த்தார்.

"பச்சை... நான்தான் ஊத்தினேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் அந்தப் பழைய எழுத்து இல்லை.

"நீங்கதான் தொடமாட்டேன்னீங்களே?"

"நீ குளிக்கப் போறப்ப டெய்லி பார்ப்பேன். குறைஞ்சிருந்துச்சு. நீ ஓட்டுற வண்டி, நடு ரோட்டுல நின்னுடக் கூடாதுல்ல. கடையில கேட்டேன், பச்சையக் குடுத்தாங்க."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. சொல்லாமல் கொள்ளாமல் இத்தனை நாள் காலையில் பானெட்டைத் திறந்து மூடிய மனுஷனை என்ன செய்வது?

மெக்கானிக் சுத்தமான தண்ணீரை ஊற்றி, ஹீட்டரைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டார். மேல் குழாய் சுட்டதும் நிறுத்தி, ஆறும்வரை காத்திருந்து வடித்தார். மறுபடி அதே. முதலில் காப்பி, பிறகு டீ, பிறகு எலுமிச்சம்பழச் சாறு. ஒவ்வொரு முறையும் தட்டிலிருந்ததைக் கேனில் ஊற்றி மூடினார். வாசலில் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்த நாயை, "போ, இது இனிக்கும், நக்கினா செத்துப்போவ" என்று விரட்டினார். நான்காவது முறை வந்ததில் தட்டின் அடியில் இருந்த கீறல்கள்கூடத் தெரிந்தன. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"முன்ன வச்சிருந்தவங்க எந்தச் சிவப்பு ஊத்துவாங்கன்னு தெரியுமா?" என்றார்.

டிக்கியைத் திறந்தேன். மூன்று மாதமாக நான் போட்டுவைத்த பைகளுக்கும் குடைக்கும் அடியில் பிரிக்காத சிவப்பு பாட்டில் ஒன்று இருந்தது. அதில் டேப் போட்டு ஒட்டிய காகிதம், அண்ணன் கையெழுத்து: 'மாப்பிள்ளை, சிவப்பு மட்டும் ஊத்துங்க. வேற எதுவும் வேண்டாம்.'

பாட்டிலை என் கணவரிடம் நீட்டினேன். அவர் அந்த ஒரு வரியை ரொம்ப நேரம் படித்தார்.

"நான் டிக்கியத் திறக்கவே இல்ல" என்றார், யாரிடமோ சொல்வது போல.

கிளாம்பை இறுக்கிவிட்டு மெக்கானிக் ரேடியேட்டர் வாயில் புனலைச் செருகிச் சிவப்பை ஊற்றினார். "காத்து வெளிய போகணும். ஆடாமப் பிடிங்க" என்று அதை என் கணவர் கையில் கொடுத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். கணவர் இரண்டு கையாலும் புனலைப் பிடித்துக்கொண்டார். அப்போது என் போன் அடித்தது. ஆறாவது முறை.

எடுத்தேன். "ஏன்டி எடுக்க மாட்டேங்குற, நல்லாத்தான இருக்க?" என்றான் அண்ணன். பதில் சொல்லாமல் போனை என் கணவரின் காதில் வைத்தேன். அவர் கண்ணாலேயே என்னை அதட்டினார். ஆனால் கை இரண்டும் புனலில் இருந்தது.

"மச்சான்," என்றார் கடைசியில். "இந்தச் சிவப்பு... எந்தக் கோடு வரைக்கும் ஊத்தணும்?"

புனலில் சிவப்பு மெல்ல இறங்கியது. அடியிலிருந்து பெரிய குமிழி ஒன்று கிளம்பி மேலே வந்து உடைந்தது. அதன் பின்னால் இன்னொன்று.