உப்பில்லாத சூப்

அத்தான் உபவாசம் இருந்தால் தெருவுக்கே தெரியும். காலையிலேயே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிடுவார். டிவி போடக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது. போனில் மட்டும் சபையார் ஒவ்வொருவரிடமும், "ஆமா பிரதர், இன்னிக்கு உபவாசம்" என்று முனகுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா வழக்கம்போல் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, சிரித்த முகமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் உபவாசத்தை முடிக்க அவள் கொடுத்த சூப்பை ஒரு வாய் குடித்ததும் அத்தான் கத்தினார். "உப்பே இல்ல! நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவனுக்குக் குடுக்கிறதா இது? ருசி பாக்க மாட்டியா?"

ருசி பார்க்காமல் அக்கா அடுப்பை அணைத்ததே கிடையாது. திரும்பிப் பார்த்தேன். காலையில் நான் அவளுக்குப் போட்டு வைத்த காபி ஆடை படிந்து சமையல் மேடையிலேயே இருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

சும்மா இருக்க முடியவில்லை. "அத்தான், அக்கா இன்னிக்கு என்ன சாப்பிட்டான்னு பாத்தீங்களா?"

"அதை நான் எதுக்குப் பாக்கணும்?"

உப்பு டப்பாவை அவர் முன்னால் நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னேன்.

"நீங்க பாக்க வேணாம். மேல இருந்து பாக்க வேண்டியவர் பாத்துட்டாரு."