துரையின் சம்மதம்

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. இடுப்பில் சாக்கை இறுக்கிக் கட்டி, கூடையின் தலைக்கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு அங்கம்மா தேயிலை நிரைக்குள் இறங்கியபோது மடுல்சீமைக் காற்று காதுக்குள் புகுந்து குடைந்தது. ஈரச் செடிகள் முழங்கைவரை நனைத்தன. விரல்கள் விறைத்துப்போனால் என்ன, கொழுந்து காத்திருக்குமா? கம்பெனிக்காரர்கள் தோட்டத்தை எடுத்த நாளிலிருந்து பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். முழுநாள் மலையில் காய்ந்தவளுக்குப் பாதிச் சம்பளம். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான்களில் ஒருவர்கூட இந்தச் சரிவில் ஒரு காலை வேளை கூடையோடு நின்று பார்த்தவரில்லை.

பக்கத்து நிரையில் ஆளில்லை. அது பாக்கியலெட்சுமி வழக்கமாக நிற்கும் நிரை. வேறு யாரையாவது இறங்கச் சொல்லிக் கங்காணி கத்திப் பார்த்தார். பெண்கள் ஒருத்தியும் இறங்கவில்லை.

போன மாதம் பாறை மலையில் குளவிக்கூடு கலைந்தது. கூடு இருப்பதைப் பெண்கள் முதல்நாளே காட்டிச் சொன்னார்கள். கங்காணியோ, கொழுந்து முற்றிவிடும், போங்க போங்க என்று விரட்டினார். குளவி கிளம்பியதும் எல்லோரும் கூடைகளை எறிந்துவிட்டு ஓடினார்கள். கால் தடுக்கி விழுந்தவள் பாக்கியம் மட்டும்தான்; குளவிகள் அவளை மொய்த்துக் கொட்டின. தோட்டத்து லொறி உரம் ஏற்றப் போயிருந்ததால் அது வரும்வரை அவளை றோட்டில் கிடத்தி வைத்திருந்தார்கள். பதுளை ஆஸ்பத்திரியைப் பார்க்காமலே அவள் போய்ச் சேர்ந்தாள்.

விழுந்தவள், "அங்கம்மா, அங்கம்மா" என்று கூப்பிட்டாள். அங்கம்மாவுக்கு அது நன்றாகவே கேட்டது. கேட்டும் அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பாக்கியம் எப்படிப்பட்டவள்! அங்கம்மாவின் கூடை குறைகிற நாட்களில் கொழுந்து நிறுக்கப் போகும் வழியில் தன் கூடையிலிருந்து இரு கையாலும் அள்ளிப் போடுவாள். "வாணி படிக்கணும்ல. நீ அரைப்பேரு வாங்கிக்கிட்டுப் போனா அது எப்பிடிப் படிக்கும்?" என்பாள். அப்படிப் படித்துத்தான் அங்கம்மாவின் மகள் கோகிலவாணி பட்டதாரியானாள், அந்தத் தோட்டத்திலேயே முதல் ஆளாக.

கருமாதி முடிந்த கையோடு வாணி பல்கலைக்கழகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். சமூகவியல் துறையில் மேற்படிப்பு. எதை ஆராயப் போகிறாய் என்று கேட்டார்களாம். மலையில் வேலை செய்யும் பெண்களுக்கு நேரும் விபத்துகளை என்றாளாம். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. இடம் தருகிறோம், மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறோம், ஆனால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தை மாத முடிவுக்குள் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார்கள். தோட்டம் கம்பெனியின் சொத்தாயிற்றே. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே வளர்ந்த பிள்ளை தன் தாயிடம் கேள்வி கேட்பதற்குத் தோட்டத்து மேலாளரான துரையின் சம்மதம் வேண்டுமாம். இதற்கு அழுவதா சிரிப்பதா?

வெயில் ஏறும்போது கங்காணி வந்து, துரை ஆபீசுக்குக் கூப்பிடுகிறார் என்றார். அங்கம்மா கால் கழுவி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் வாசலில் நின்றாள்.

"வா அங்கம்மா. ஒன் மக பெரிய படிப்பு படிக்கப் போகுதாமே. தோட்டத்துக்கே பெருமை," என்றார் துரை.

"ஆமாங்க தொர. தொரதான் மனசு வைக்கணுங்க."

"நான் வைக்கிறேன். நீயும் கொஞ்சம் மனசு வை. அடுத்த கெழம பதுளையில விசாரணை. செத்தவ பக்கத்துல நின்னவ நீதான். பாறைப் பக்கம் போகாதன்னு கங்காணி சொன்னாரு, அவதான் கேக்காமப் போனான்னு சொல்லிடு."

"அப்பிடி யாரும் சொல்லலீங்களே. போகச் சொல்லித்தானுங்க வெரட்டுனாங்க."

"சொன்னாருன்னு சொன்னா சொன்னதுதான். செத்தவளுக்கு இனி என்ன நட்டம்?"

"அவ புள்ளைங்க இருக்குதுங்க தொர. நட்டஈடு இல்லாமப் போயிருமே."

"ஊரார் புள்ளைங்கள விடு. ஒன் புள்ளையப் பாரு. நீ சொல்லு, நான் இன்னைக்கே சம்மதம் குடுக்கிறேன்."

"சரிங்க" என்ற சொல் அங்கம்மாவின் தொண்டைவரை வந்துவிட்டது. பொய்யில்லை. அவளும் தாய்தானே. மகள் பல்கலைக்கழகப் படிகளில் ஏறிப் போவது கண்முன்னே வந்து நின்றது. கூடவே அந்தக் குரலும் வந்தது, அங்கம்மா, அங்கம்மா என்று.

"என்னால முடியாதுங்க தொர."

துரையின் முகம் மாறிற்று. "அப்ப ஒன் மக இந்தத் தோட்டத்துல ஒரு ஆள்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது. கேட்டா பொலிசுக்குச் சொல்லுவேன். போ!"

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஓடியதை மட்டும் சொல்லவில்லை. வாணி அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"சரின்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

அங்கம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். "என்ன புள்ள சொல்ற?"

"ஒரு வார்த்தைதானம்மா. இத்தன வருசம் பட்டதெல்லாம் ஒரு வார்த்தையில போச்சே. செத்தவங்க எந்திரிச்சா வரப்போறாங்க..."

சொல்லி முடிப்பதற்குள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பாக்கியம் சின்னம்மா அள்ளிப் போட்ட கொழுந்தில் படித்தவள் அவள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அங்கம்மா தொட்டு ஆற்றப் போனாள், கை வரவில்லை. பெற்ற மகளின் பிழைப்பைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்றிருந்தது. இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை.

துரையின் ஆபீசில் பேசியது லயத்துக்கு வந்துசேர எவ்வளவு நேரம் பிடிக்கும்? மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு அங்கம்மா போனபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாய்க்காரி என்று பேரெடுத்த ராமலட்சுமி நேரே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஏண்டி, தொர கேட்டதுக்கு நீ மட்டும் பதில் சொல்லிட்டு வந்திருக்க? பதுளைக்கும் ஒத்தையாத்தான் போவியா? அன்னைக்கு மலையில நாங்க இல்லையா?"

கங்காணி பேர் கூப்பிட்டு முடித்து, "எல்லாரும் பாறை மலைக்கு," என்றார்.

"கூடு அங்கயேதான இருக்கு. அத எடுத்துட்டுச் சொல்லுங்க, போறோம்," என்றாள் ராமலட்சுமி. கூடைகளை இறக்கிவைத்துவிட்டுப் பெண்கள் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள்.

துரையின் ஜீப் வந்து நின்றபோது லயத்துப் பக்கமிருந்து வாணியும் வந்துகொண்டிருந்தாள். அழுது வீங்கிய முகம். ராமலட்சுமி அவளைக் கை காட்டிக் கூப்பிட்டாள்.

"வா வாணி. ஒன் படிப்புக்கு யாரோ சம்மதம் தரணுமாமே? பேசப் போறது எங்க வாயி. நாங்க தர்றோம். கேளு."

"அத அங்க ஏத்துக்குவாங்களான்னு தெரியலையே சின்னம்மா."

"ஏத்துக்கலேன்னா பஸ் ஏறி வந்து நாங்களே கேக்குறோம்."

"வேலைக்குப் போகாதவங்களுக்கு இன்னைக்குப் பேரும் கிடையாது, சம்பளமும் கிடையாது!" என்று துரை கத்தினார். "அந்தப் பொண்ண வெளிய போகச் சொல்லு!"

வாணி ஒரு கணம் துரையைப் பார்த்தாள். கேட்டால் இடம் போனது போனதுதான். பொலிசும் வரும். அவள் போய் அம்மாவின் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு? சொல்லு."

அங்கம்மா மகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தபோது கண்ணீர்தான் முதலில் வந்தது.

"கங்காணி போகச் சொன்னாரு, போனோம். குளவி கெளம்புச்சு. பாக்கியம் விழுந்துட்டா. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா வாணி. ரெண்டு தரம் கூப்பிட்டா. எனக்குக் கேட்டுச்சு. நான் ஓடிட்டேன்."

அங்கம்மா முகத்தை மூடிக்கொண்டாள். இனி இந்த லயத்தில் யார் தன் முகத்தில் விழிப்பார்கள் என்று நினைத்தாள்.

"நானுந்தான் ஓடுனேன்," என்றாள் ராமலட்சுமி. அந்த வாய்க்காரியின் குரல் உடைந்துபோயிருந்தது. "எனக்கும் கேட்டுச்சு."

"நானும் ஓடுனேன்," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"நானும்."

ஒவ்வொருத்தியாக நகர்ந்து அங்கம்மாவை ஒட்டி உட்கார்ந்தார்கள். தோள் தோளோடு இடித்தது. துரை ஜீப்பின் ஹோனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை யாரும் எழுந்து ஓடவில்லை.